கேமராவுக்குள் போன என் வாட்சுக் கண்ணாடி

என் மருமகன் பரமக்குடியில் அறிவியல் வாத்தியார். கோடை விடுமுறைக்கு என் மகளோடு பாம்பனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுவார். ஊர் வெளிச்சம் படாத கடற்கரையில் வானத்தைப் படம் பிடிக்கலாம் என்பதுதான் காரணம். மாமியார் மேல் உள்ள பாசம் இல்லை. அந்த வருஷம் வந்த மறுநாளே புது டிஜிட்டல் கேமராவைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஸ்குரூக்களைக் கழற்றத் தொடங்கினார்.

நல்ல சாமானை எதற்குப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். உள்ளே சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கிறதாம். அது வானத்துச் சிவப்பைத் தடுக்கிறதாம். எடுத்துவிட்டால் நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கிற சிவப்பு மேகம் படத்தில் விழுமாம்.

தூசி விழக் கூடாது என்று ஃபேனை நிறுத்தினார். ஜன்னல்களைச் சாத்தினார். கூட்டக் கூடாது, மீன் வறுக்கக் கூடாது. சித்திரை வெயிலில் வீடு கொதித்தது.

"இது நான் கட்டுன வீடா, ஒங்க லேபா மாப்பிள்ளை?" என்றேன்.

"ஒரு நாளுதான் அத்தை. ஒங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"வேர்க்கிறது புரியுதுல்ல."

கண்ணாடியை எடுத்தும்விட்டார். கேமராவை மூடிப் பார்த்தால் தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கல். எடுத்ததற்குப் பதிலாக அதே கனத்தில் வெறும் கண்ணாடி ஒன்று வைக்க வேண்டுமாம். வீடெல்லாம் துழாவினார். பிறகு சத்தம் அடங்கியது. ஏதோ கிடைத்துவிட்டது போல என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் பென்ஷன் விஷயமாக ராமநாதபுரம் கிளம்பி, அலமாரியைத் திறந்தேன். என் வாட்சுக்குக் கண்ணாடி இல்லை. முட்கள் மட்டும் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தன.

பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்தபோது மணி அடிப்பது என் பொறுப்பு. எனக்கு மணி பார்க்கத் தெரியாது. பீரியடுக்குப் பீரியடு ஒரு வாத்தியார் வந்து "அடி" என்பார், சொல்லிவிட்டுச் சிரிப்பார். மூன்று மாதத்தில் முள் பார்க்கப் படித்தேன். என் சம்பளத்தில் வாட்சு வாங்கிக் கட்டினேன். அதற்குப் பிறகு எனக்கு யாரும் நேரம் சொன்னதில்லை. அதன் பழைய மூடி கீறிப்போனபோது தட்டையான கண்ணாடி மாற்றியதும் நான்தான். அதுதான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

"என் வாட்சத் தொட்டது யாரு?"

மருமகன் தலையைத் தூக்கவில்லை. மகள்தான் அடுப்படியிலிருந்து வந்தாள். "பழைய வாட்சுதானம்மா. ரிட்டயராகி எத்தன வருசமாச்சு. இனிமே எங்க போயி மணியடிக்கப் போற?"

"நீ சும்மா இரு. அவருக்கு வாயிருக்கு."

"ஓடாத வாட்சுன்னு நெனச்சேன் அத்தை."

"காதுல வச்சுப் பாருங்க."

"புதுசு வாங்கித் தாரேன். இதவிட நல்லதா."

"எனக்கு வாட்சு வேணாம். கேக்காம எடுத்தேன், தப்புன்னு சொல்லுங்க. போதும்."

சிரித்தார். "ஒரு கண்ணாடிக்குப் போயி பஞ்சாயத்தா?"

கண்ணாடியைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. வட்டத்தைச் சதுரமாக வெட்டி, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து உள்ளே வைத்தாயிற்று.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டார். கறுப்பில் செம்பருத்தியைக் கசக்கி அப்பியது போல ஒரு சிவப்பு. சுற்றிலும் நட்சத்திரங்கள் ஊசி குத்தியது போலத் தெளிவாக இருந்தன. அழகில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"பாருங்க அத்தை, ஒங்க கண்ணாடி வழியாத்தான் இவ்வளவும் வந்துருக்கு." நான் குளிர்ந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

"கேட்டுருந்தா நானே கழட்டிக் குடுத்துருப்பேன்" என்றேன். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அந்த ஒரு வார்த்தையச் சொல்லுங்க."

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என் மகளிடம் திரும்பி, "இந்த மூலையில ஒரு தூசி விழுந்துருக்கு. சொல்லச் சொல்ல யாரோ கூட்டியிருக்காங்க" என்றார்.

விடுமுறை முடியுமட்டும் மூன்று வேளையும் அவருக்குச் சோறு போட்டேன். குழம்பில் குறை வைக்கவில்லை. பேசவில்லை.

கிளம்புகிற அன்று கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாரோம் அத்தை" என்றார்.

மகளிடம், "பாத்துப் போ. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்றேன்.

அவர் வாசலிலேயே நின்றார். சொல்வதென்றால் சொல்லட்டும் என்று நானும் நின்றேன். பாலத்துப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். சொல்லாமலே போனார். அவரோடு என் பேச்சு, படம் காட்டிய அன்றோடு சரி.