மிதக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவர்கள்

பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது தண்ணீரில் செய்கிற வேலை என்று ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள்; உண்மையில் அது வாயால் செய்கிற வேலை.

மைசூரில் ஒரு நீச்சல்குளத்தில் பெண்களுக்கான காலை வகுப்பை நான் எடுக்கிறேன். படித்தது இயற்பியல். இந்த வேலைக்கு வருமுன் கொஞ்ச காலம் ஒன்பதாம் வகுப்புக்கு அடர்த்தி, மிதப்பு விசை, திரவ அழுத்தம் என்று கரும்பலகையில் நடத்திக்கொண்டிருந்தேன். குளத்துக்கு வந்த பிறகும் அதே பாடம்தான். ஒரே வித்தியாசம், பாடம் புரியாவிட்டால் அங்கே பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள்; இங்கே என் கழுத்தைப் பிடிப்பார்கள்.

அண்ணிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள், அப்பாவுக்கு வாட்ஸ்அப் கற்றுக்கொடுத்தவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களை நம்பித்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

எடை வேறு, அடர்த்தி வேறு

ஸ்டெல்லா அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். எங்கள் சர்ச்சில் பாடல்குழுவின் இரண்டாவது வரிசையில் நின்றால் மூன்றாவது வரிசை தெரியாது. முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துணைக்கு மருமகள் காவ்யாவும் வந்தாள். கன்னடப் பெண், தினமும் ஜிம்முக்குப் போகிறவள், உடம்பு சாட்டை மாதிரி. மாமியார் தட்டில் விழுகிற இட்லிகளை எண்ணுவது அவளுடைய இன்னொரு உடற்பயிற்சி.

"ஜெசி, நான் இறங்கினா தண்ணியெல்லாம் வெளியே வந்துடும். நான் அடியிலே போயிடுவேன்" என்றார் அக்கா. "முதல் பாதி சரி அக்கா. நீங்க எவ்வளவு தண்ணியை நகர்த்துறீங்களோ, அந்தத் தண்ணியோட எடை அளவுக்குத் தண்ணி உங்களை மேலே தள்ளும். கொழுப்புக்குத் தண்ணியைவிட அடர்த்தி கம்மி, அதனால கொழுப்பு மிதக்கும். தசையும் எலும்பும்தான் கீழே போகப் பார்க்கும்" என்றேன். காவ்யா மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

இருவரையும் மல்லாக்கப் படுக்கச் சொன்னேன். ஸ்டெல்லா அக்கா முதல் தடவையிலேயே மிதந்தார். கால் கட்டைவிரல் இரண்டும் வெளியே தெரிய, கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதிரி கிடந்தார். பக்கத்தில் காவ்யாவின் கால் முதலில் இறங்கியது, பிறகு இடுப்பு, பிறகு முகம். திரும்பப் படுத்தாள், திரும்ப இறங்கினாள். மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, படுத்த வாக்கிலேயே அக்கா சொன்னார்: "இத்தனை வருஷம் நான் சாப்பிட்டதெல்லாம் வீண் போகலைடி."

இரண்டு காலி டப்பா

சுமதி இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவர். எந்த வாக்கியத்திலும் ஒரு ஓட்டை இருக்கும் என்று நம்பிப் பழகியவர். ஒரு நாள் குளத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மேடம், என் பையன் நேத்து அணுவைப் பத்திப் படிச்சான். அணுவுக்குள்ள நடுவுல ஒரு துளி உட்கரு, அப்புறம் எங்கேயோ தூரத்துல எலக்ட்ரான், மிச்சமெல்லாம் காலி இடமாம். உண்மையா?" என்றார். உண்மைதான் என்றேன். "அப்படின்னா நானும் முக்கால்வாசி காலிதானே? காலி டப்பா மாதிரி மிதக்கணுமில்ல?"

பள்ளியில் ஒரு பிள்ளையும் கேட்காத கேள்வி. உற்சாகமாகிவிட்டேன். தண்ணீரும் அணுக்களால் ஆனதுதான், அதற்குள்ளும் அதே காலி இடம்தான். ஆகவே காலி இடம் இருக்கிறதா என்பது கேள்வி இல்லை, ஒரே அளவு இடத்தில் யாரிடம் எவ்வளவு நிறை அடைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் அடர்த்தி என்று பெயர். நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் உங்கள் அடர்த்தி தண்ணீரைவிட ஒரு பிடி குறைவு என்று விளக்கி முடித்தேன். சுமதி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், தலையசைத்தார், கம்பியை விட்டார், முங்கினார். எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "நானும் காலி டப்பா, தண்ணியும் காலி டப்பா. அப்புறம் என் வாய்க்குள்ள வந்தது என்ன மேடம்?"

கீதாவின் தோடு

மண்டி மொஹல்லாவில் வளையல் கடை வைத்திருக்கும் கீதா, அந்தச் சந்துகளில் ஆட்டோவுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே ஸ்கூட்டரில் ஒரு கையால் போகிறவர். ஆனால் தண்ணீருக்குள் முகத்தை மட்டும் வைக்க மாட்டார். தலையை விட்டால் தண்ணீர் அப்படியே அடிக்கு இழுத்துக்கொள்ளுமாம். "இழுக்காது கீதா, மேலேதான் தள்ளும். அடிக்குப் போறதுதான் கஷ்டம்" என்று நான் வாரக்கணக்கில் சொல்லிப் பார்த்தேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். அந்த இரண்டு காதிலும் தங்கத் தோடு. நகையைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று சொன்னதையும் அதே காதுகள்தான் கேட்டிருந்தன.

ஒரு நாள் தோடு ஒன்று கழன்று விழுந்தது. தங்கத்துக்கு மிதப்பது பற்றி எந்தக் குழப்பமும் கிடையாது. நேரே தரைக்குப் போய்விட்டது. "நில்லுங்க, நீச்சல் கண்ணாடி எடுத்துட்டு வந்து நான் எடுத்துத் தர்றேன்" என்று திரும்பினேன். பின்னால் தொபீரென்று சத்தம். கீதாவின் தலை உள்ளே, பின்பக்கம் வெளியே, கால்கள் காற்றில். தண்ணீர் அவரை வாத்து மாதிரி மேலே துப்பியது. "தள்ளுது மேடம்!" என்று என்னைத் திட்டுவது போலக் கத்திவிட்டு, இந்த முறை ஏணிக் கம்பியைப் பிடித்துப் படிப்படியாகத் தன்னைத் தானே கீழே இழுத்துக்கொண்டு போனார். தோட்டோடு வந்தார்.

எல்லாரும் கை தட்டினோம். "கீதா, நீங்க தரை வரைக்கும் போயிட்டு வந்துட்டீங்க!" என்றேன். அவர் தலையைத் தொட்டுப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. "அய்யோ மேடம், தலை நனைஞ்சுடுச்சே! இன்னிக்கு வெள்ளிக்கிழமை கூட இல்லையே!"

நிரூபணம்

வசுந்தரா மேடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பூர்வீகம் மேல்கோட்டை, கோயிலைச் சுற்றிய தமிழ் வைணவ வீடுகளில் ஒன்று. அந்த வீடுகளுக்கே உரிய பழைய தமிழில் பேசுவார். சேர்ந்த புதிதில் அவர் தண்ணீருக்குள் வரவில்லை; மேல்படியில் உட்கார்ந்து கணுக்கால் வரை நனைத்துக்கொண்டு என்னைத் திருத்தினார். தண்ணீரில் எடை குறையும் என்று நான் சொன்னால், "குறையாது. குறைஞ்சாப்போலத் தோணும்" என்பார். அழுத்தம் கீழ்நோக்கி என்று வாய் தவறினால், "எல்லாப் பக்கமும்!" என்பார். உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் மேலதிகாரி வந்து உட்கார்ந்திருக்கிறாரா? அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும்.

கடைசியில் ஸ்டெல்லா அக்கா கையைப் பிடித்து இறக்கிவிட்டார். நான் முதுகுக்குக் கீழே கை கொடுத்தேன். வசுந்தரா மேடம் நன்றாக மூச்சை இழுத்துப் படுத்தார், மிதந்தார், கையை எடுத்தேன், அப்போதும் மிதந்தார். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவர் மட்டும் மூச்சை விட்டார். ஏனென்றால் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். "கவனியுங்கோ. நுரையீரல்ல காத்து இருக்கறச்சே என்னோட கன அளவு ஜாஸ்தி. அதனாலே நான் விலக்கற தண்ணி ஜாஸ்தி. இப்போ காத்து வெளியே போச்சுன்னா..." காத்து வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, "போச்சுன்னா" வரும்போது மேடம் இல்லை, குமிழி மட்டும் இருந்தது.

பதறிப்போய்த் தூக்கி நிறுத்தினேன். கண் சிவந்து, தொப்பி ஒரு பக்கம் சரிந்து, இருமல் அடங்குவதற்குள் ஒரு விரலை உயர்த்தினார்: "சொன்னேனா இல்லையா!"

டேங்க் வேற

பெண்கள் வகுப்பு நடக்கும் நேரத்தில் ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. அதனால் முருகேசன் கேட்டுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர், இங்கே கட்டடங்களுக்குக் குழாய் வேலை, தண்ணீர்த் தொட்டி வேலை எடுத்துச் செய்பவர். அவர் மனைவி செல்வி அன்றுதான் சேர்ந்திருந்தாள். "ஏனுங்க மேடம், செல்வியைச் சின்னப் பிள்ளைங்க தொட்டியில விடுங்களேன். இது எவ்வளவு பெரிய குளம்! இத்தனை தண்ணியும் சேர்ந்து அவளை அமுக்காதுங்களா?"

சரியான ஆளிடம் சரியான உதாரணம் கிடைத்துவிட்டது என்று எனக்குக் குஷி. "மாடியில டேங்க் வைக்கிறீங்களே, டேங்க் அகலமானா கீழே குழாயில வேகம் கூடுமா?" என்று கேட்டேன். "அதெப்படிங்க கூடும்? உயரத்துல வெச்சாத்தான் வேகம். அகலமா இருந்தா ரொம்ப நேரம் வரும், அவ்வளவுதானுங்க." "அதேதான் இங்கேயும். அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. அகலத்தைப் பொறுத்தது இல்லை. இடுப்பளவுத் தண்ணி சின்னத் தொட்டியில எவ்வளவு அழுத்துமோ, இந்தக் குளத்துலயும் அவ்வளவுதான் அழுத்தும்." முருகேசன் யோசித்தார். ஒப்புக்கொண்டார். கேட்டைப் பிடித்துக்கொண்டு, உள்ளே படியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேங்க் வேறங்க மேடம், செல்வி வேறங்க."

யாரும் சொல்லாதது

இப்போதெல்லாம் மாலை வகுப்பில் செல்வியின் மகள் நீந்துகிறாள், செல்வி கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு, "காலை நல்லா அடிடீ!" என்று அதட்டுகிறாள். அந்த வேர்க்கடலைக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

செல்விக்குப் பிறந்த ஊர் அதே எல்லைப் பக்கத்து ராமாபுரம். சின்ன வயதில் அவளுடைய அண்ணன் கூட்டாளிகளோடு ஆற்றுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. தண்ணீர் இழுத்துக்கொண்டது என்று வீட்டில் சொன்னார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வருடங்கள் கழித்து மகள் நீச்சலில் சேர்ந்தாள். அவள் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் கரையில் செல்விக்கு மூச்சு முட்டியது. "பிள்ளையை நிறுத்தோணும், இல்லைன்னா நான் கத்துக்கோணும். ரெண்டுல ஒண்ணுங்க மேடம்" என்று வந்து நின்றாள். முதல் நாள் பிடித்த என் மணிக்கட்டை அவள் விடவே இல்லை. மூடிய காலி பாட்டிலை அமுக்கச் சொல்லி, அது துள்ளி மேலே வருவதைக் காட்டினேன். ஸ்டெல்லா அக்கா மிதந்து காட்டினார். வசுந்தரா மேடம் படிக்கட்டிலிருந்து முழு விதியையும் சொன்னார். செல்வி எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றாள்; பிடி மட்டும் இறுகியது. என் கையில் அவள் வளையல் பதிந்த தடத்தைப் பார்த்து என் கணவர், வேலைக்குப் போகிறாயா மல்யுத்தத்துக்குப் போகிறாயா என்று கேட்டார்.

ஒரு நாள் எனக்கே சொல்ல எதுவும் மிச்சமில்லை. தலையை என் உள்ளங்கையில் வைத்துச் சும்மா மூச்சு விடச் சொன்னேன். இழுத்தாள், உடம்பு கொஞ்சம் எழும்பியது. விட்டாள், கொஞ்சம் தாழ்ந்தது. மறுபடி இழுத்தாள். நெற்றி சுருங்கியது, என்னவோ கவனிக்கிறாள் என்று புரிந்தது. மணிக்கட்டில் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. உள்ளங்கையை மெதுவாகக் கீழே இறக்கினேன். பிறகு என் இரண்டு கைகளையும் தண்ணீருக்கு மேலே தூக்கி அவளுக்குக் காட்டினேன். அலறுவாள் என்று தயாராக நின்றேன். அலறவில்லை. மேலே வானத்தைப் பார்த்தபடி கிடந்தாள். கண்ணிலிருந்து வழிந்தது குளத்தோடு சேர்ந்தது. வசுந்தரா மேடம் கூட எதையும் திருத்தவில்லை.

எழுந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு செல்வி சொன்னாள்: "தண்ணி இழுக்கும் இழுக்கும்னுதானுங்க மேடம் எல்லாரும் சொன்னாங்க. தூக்கும்னு எங்கண்ணனுக்கு ஒருத்தர் கூடச் சொல்லலீங்களே."

மொத்தத்தில் தண்ணீர் தன் வேலையை ஒரு நாளும் தவறாமல்தான் செய்துவருகிறது. அந்தத் தண்ணீருக்காக மனுஷர்களிடம் ஜாமீன் நிற்பதுதான் என் உத்தியோகம்.