போகாததற்குக் கொடுத்த பரிசு

நான் நல்ல முதலாளி என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயர் பொய். என்னிடம் வேலை செய்த மார்க்கண்டுவுக்கு நான் அள்ளிக் கொடுத்தது உண்மை. ஆனால் நன்றியால் கொடுக்கவில்லை. அவன் வீட்டில் ஒரு வாய் சோறு உண்ணாமல் தப்புவதற்காகக் கொடுத்தேன்.

சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் படித்தவன் அல்லன். சபையில் நாலு பேர் முன் வாய் திறக்கத் தெரியாதவன். போரில் சாமான்கள் வராமல் ஊர் அடைபட்டுக் கிடந்த காலத்தில், உரும்பிராயில் என் வீட்டுப் பின்வளவில் ஒரு கொட்டில் போட்டு உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் செய்து விற்றேன். வெளிச் சவர்க்காரம் கண்ணிலும் காணாத நாட்கள் அவை. என் கட்டிகள் கோணலாகவும் கறுப்பாகவும் இருக்கும். ஆனாலும் வாசல் படலையில் ஆட்கள் காத்து நிற்பார்கள்.

அந்தக் கொட்டிலின் உயிர் மார்க்கண்டு. என்னைவிட வயதில் மூத்தவன். நான் அவனை 'நீ' என்பேன். அவன் என்னை 'நீங்கள்' என்பான். என் பிள்ளைகளும் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நான் திருத்தவில்லை. அவன் எங்கள் சாதிக்குக் கீழே என்று ஊர் வைத்திருந்த சாதி. அதைப் பற்றிப் பேசவே கூடாது என்று அந்த நாட்களில் வெளியே எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். ஆனால் அவன் தேநீர் குடிக்கும் கிளாஸ், கொட்டில் கூரை வளையில் தனியே ஓர் ஆணியில் தொங்கியது. என் தகப்பன் காலத்தில் சிரட்டை, நான் கிளாஸ் கொடுக்கிறேன் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டவன் நான்!

தீபாவளிக்கு வேட்டி கொடுப்பேன். பொங்கலுக்கு அரிசி கொடுப்பேன். எல்லாம் படலையடியில் வைத்து. அவன் இரண்டு கையாலும் வாங்குவான்.

ஒருநாள் சவர்க்காரத்துக்கு எண்ணெயில் காரநீரை ஊற்றிக் கிண்டிக்கொண்டிருந்த நேரம் குண்டு போடும் பொம்பர் வந்துவிட்டது. நான் ஓடிப் பங்கர் குழிக்குள் பாய்ந்தேன். மார்க்கண்டு வரவில்லை. காரம் விட்ட பிறகு கிண்டுவதை நிறுத்தினால் அவ்வளவு எண்ணெயும் பழுதாகிவிடும். கடன்பட்டு வாங்கிய எண்ணெய். பக்கத்து ஒழுங்கையில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் எண்ணெய்க் கிடாரம் தளம்பி அவன் கையில் ஊற்றுப்பட்டது. நான் வெளியே வந்தபோது, முழங்கையிலிருந்து தோல் உரிந்து தொங்க, மற்றக் கையால் கிண்டிக்கொண்டிருந்தான்.

கை ஆறிய பிறகு நானே கேட்டேன். வாழ்க்கையில் ஒரே தடவை வாய் திறந்து கேட்டது அது.

"மார்க்கண்டு, உனக்கு நான் ஏதும் செய்ய வேணும். என்ன வேணும், சொல்லு."

"ஒண்டும் வேண்டாம் முதலாளி."

"சும்மா சொல்லு."

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வைகாசியிலை மூத்தவளுக்குக் கலியாணம். மாப்பிளை பகுதி மீசாலை ஆக்கள். கொஞ்சம் பெருமைக்காரர். உன்னை ஆர் மதிக்கினம் எண்டு கேக்கிற மாதிரிக் கதைக்கினம். நீங்கள் வந்து முதற்பந்தியிலை என்னோடை இருந்து ஒரு வாய் சாப்பிட்டியளெண்டால் காணும். என்ரை பிள்ளைக்கு அங்கை ஒரு மரியாதை."

"ஓம், வாறன்" என்றேன்.

அந்த 'ஓம்' என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது!

கலியாணத்தன்று மனைவி சால்வையைச் சிரட்டைக்கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து வைத்திருந்தாள். மனைவி தடுத்தாள் என்று இங்கே எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அது பொய். அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திவரை போய்த் திரும்பி வந்தேன். எங்கள் ஆட்கள் எவரும் கை நனைக்காத வீடு... நாளைக்கு என் பெண்பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் இதைக் கேட்டால்? யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்து என்ன செய்தேன் தெரியுமா? அள்ளினேன். ஒரு மூட்டை அரிசி, மணமகளுக்குக் கூறைபோல ஒரு சேலை, ஒரு பெட்டி நிறையச் சவர்க்காரம். என் தூரத்து உறவுப் பெடியன் தவம் கொட்டிலில் கட்டி வெட்டுபவன். அவனிடம் வண்டிலில் ஏற்றி அனுப்பினேன். வண்டில் சந்தி திரும்பியதும் மனம் லேசானது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

பின்னேரம் தவம் திரும்பி வந்தான்.

"அண்ணை, உங்களுக்கெண்டு முதற்பந்தியிலை ஒரு இலை போட்டு வைச்சிருந்தவை. நீங்கள் வருவியள் எண்டு மார்க்கண்டர் பந்தியைத் துவங்க விடேல்லை. மாப்பிளை பகுதி பசியிலை முணுமுணுக்கத் துவங்கீட்டுது."

"பிறகு?"

"பிறகென்ன, நான் வண்டிலோடை போய் இறங்கினன். மாப்பிளையின்ரை மாமன் ஒருத்தர், 'முதலாளி வரேல்லை, அவற்றை சவுக்காரம் வந்திருக்கு. அதையே இலையிலை வைச்சுப் பந்தியைத் துவங்குங்கோவன்' எண்டார். எல்லாரும் சிரிச்சினம்."

"மார்க்கண்டு?"

"அவரும் சிரிச்சார். 'எங்கடை முதலாளி சரியான கூச்சக்காரன். சபை சந்திக்கு வரமாட்டார். மற்றப்படி தங்கமான மனிசன்' எண்டு சொல்லிப்போட்டு, அந்த இலையிலை தானே இருந்தார்."

நான் மெல்லக் கேட்டேன். "நீ சாப்பிட்டனியோ?"

"ஓம் அண்ணை. கத்தரிக்காய்க் குழம்பு, என்ன ருசி!"

என் உறவுக்காரப் பெடியன் உண்டுவிட்டு வந்து ஏப்பம் விடுகிறான்! வானம் இடிந்து விழவில்லை.

கூச்சம்... எனக்கு ஒளிந்துகொள்ள இடம் தந்தவனும் அவன்தான். என் கூச்சம் உண்மை. ஆனால் கூச்சம் என்னைத் தடுக்கவில்லை. என் கூச்சத்துக்குள்ளே வேறொன்று குந்தியிருந்தது. அது எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் மார்க்கண்டு பனையோலைப் பெட்டி நிறையப் பலகாரத்தோடு வந்தான். "சபைக்கு வராத ஆளுக்கு வீட்டையே கொண்டந்திட்டன், முதலாளி" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு குற்றமும் இல்லை. வாங்கினேன். அவன் கொட்டிலுக்குள் போனதும் அவ்வளவையும் கொண்டுபோய் மாட்டுத் தொட்டிக்குள் கொட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் வந்தான். "முதலாளி, அந்தப் பெட்டி இரவல் பெட்டி, வெறுமையாக்கிப்போட்டுத் தந்தியளெண்டால்..." சொல்லி முடிக்கவில்லை. பெட்டி தொட்டியடியில் கிடந்தது. மாட்டின் வாயில் பயற்றம் பணியாரம்.

அவன் குனிந்து பெட்டியை எடுத்தான். தட்டினான். போனான்.

 

அடுத்த நாள் தொடக்கம் அவன் ஒரு போத்தலில் தேநீர் கொண்டுவந்தான். "உங்கடை தேத்தண்ணி வயித்துக்கு ஒத்துக்கொள்ளுதில்லை முதலாளி." ஆணியில் அவன் கிளாஸ் தூசி பிடித்தது. நான் அந்தத் தீபாவளிக்கு இரட்டை வேட்டி கொடுத்தேன். சம்பளம் கூட்டினேன். 'இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு முதலாளியோ' என்று ஊர் சொன்னது. மார்க்கண்டு எல்லாவற்றையும் முன்போலவே இரண்டு கையாலும் வாங்கினான். கையில் அந்தத் தழும்பு பளபளவென்று தெரியும்.

பிறகு சண்டை நெருங்கி, நாங்கள் எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள் வந்தது. மழை. றோட்டு முழுக்கச் சனம். வழியில் இருந்த ஒற்றைப் பாலத்தைக் கடக்கவே விடிந்துவிட்டது. மீசாலையில் ஒரு வேலியோரம் என் பிள்ளைகள் பசியில் சுருண்டு இருந்தபோது, "முதலாளி!" என்று ஒரு குரல். மார்க்கண்டு. முதல் நாளே மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறான்.

நான் எழும்பவில்லை. "இவருக்கு எப்பவும் கூச்சம்" என்றாள் மனைவி.

"கூச்சத்தைப் பிறகு பாப்பம். பிள்ளையள் பசியோடை நிக்குதுகள். உள்ளுக்கு வாங்கோ."

நான் போகாத அந்தக் கலியாணத்தின் மணமகள் எங்களுக்குச் சோறும் பருப்பும் போட்டாள். நான் உண்டேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டேன்! உண்டு முடிந்ததும் என் கை மடிக்குப் போனது. பழகிய கை... தாள்களை எடுத்து நீட்டினேன்.

மார்க்கண்டு வாங்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"அண்டைக்குச் சாப்பிடாததுக்கும் தந்தனீங்கள். இண்டைக்குச் சாப்பிட்டதுக்கும் தாறியளோ, முதலாளி?"

மனைவிக்கு விளங்கவில்லை. பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். நான் தாள்களை மடித்து வைத்தேன்.

அன்று மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை. அவர்களுடைய ஓலை மால் கொட்டகைக்குள்தான் இப்போதும் இருக்கிறோம். இதை எழுதுவதும் அங்கே இருந்துதான். மார்க்கண்டு காலையில் வந்து "நித்திரை வந்துதோ?" என்று கேட்பான். நான் தலையாட்டுவேன்.

நான் தண்ணீர் குடித்த செம்பை அவன் மகள் கழுவுவதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளாவது அதைத் தனியே, ஓர் ஆணியில் மாட்டிவிட மாட்டாளா? மாட்டினால் நான் கொஞ்சம் நித்திரை கொள்வேன்...

அவள் மாட்டுவதில்லை. கழுவி, தங்கள் செம்புகளோடு சேர்த்தே கவிழ்த்து வைக்கிறாள்.