ஆறிப்போன காப்பி

நாங்கள் உடன்பிறந்தவர்கள் ஆறு பேர். அப்பாவும் அம்மாவும் வயதான காலத்தில் ஒவ்வொரு பிள்ளை வீட்டிலும் மாறி மாறி இருந்தார்கள். எனக்கு ஒரே மகள். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் இப்போது பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு பிள்ளைதான். மில்லில் ஷிப்ட் முடிந்து வரும்போது, இன்னும் இருபது வருஷத்தில் இந்தத் தெருவில் யாரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று யோசிப்பேன்.

மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்கு பெங்களூரில் வேலை. இருவருக்கும் போனில் பேசிப் பிடித்துவிட்டது. ஆனால் மகள் பிடிவாதமாகச் சொன்னாள்: "வேலைய விட்டு நின்ன பொறவு நீயும் அம்மாவும் எங்கூடத்தான் இருக்கணும். அத இப்பவே அவியகிட்ட சொல்லிரு. நீதான் சொல்லணும்."

பெண்ணைப் பெற்றவன் நிபந்தனை பேசி எங்கள் பக்கம் பழக்கமில்லை. அதிலும் நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறந்தாலே வேர்க்கும். சொன்னால் நல்ல இடம் தட்டிப்போகும். சொல்லாவிட்டால் மகள் சம்மதிக்க மாட்டாள்.

பையன் தன் அப்பா அம்மாவோடு வந்தான். காப்பி வைத்தோம். யாரும் எடுக்கவில்லை. பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் ஊர் வழக்கம். காப்பியில் ஆடை படிந்தது. நான் மழையைப் பற்றிப் பேசினேன். பிறகு மாம்பழத்தைப் பற்றி. மகள் அடுப்படி வாசலிலிருந்து முறைத்தாள்.

கடைசியில் பையனின் அம்மாதான் தொண்டையைச் செருமினார்கள்.

"அண்ணே, நகைநட்டெல்லாம் ஒங்க இஷ்டம். எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான். இவன் ஒத்தப் பிள்ள. வயசான பொறவு இவன் எங்க இருக்கானோ நாங்களும் அங்கதான். ஒங்க மக அதுக்குச் சம்மதிக்கணும்."

"நாங்களும்..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"நாங்களும்னா?"

என் மனைவி முன்னால் வந்தாள். "எங்களுக்கும் ஒத்த மகதான் மதினி. நாங்களும் அவகூடத்தான் இருப்போம்னு சொல்ல வாராக."

பையனின் அப்பா மகனைப் பார்த்தார்.

"ஏலே, பெங்களூர்ல வீடு பாக்காத. சத்திரம் பாரு."

முதலில் சிரித்தது என் மகள்தான். பையனின் அப்பா என் பக்கம் திரும்பினார். "பஸ்ல வரும்போது பூரா இவ கையப் பிசைஞ்சுக்கிட்டே வந்தா அண்ணாச்சி. இத எப்படிச் சொல்லுறதுன்னு அம்புட்டு பயம்."

பார்த்துக்கொள்ள இரண்டு பேர், வயதானவர்கள் நாலு பேர். இனி வரும் குடும்பங்கள் பலவும் இப்படித்தான் இருக்கும் போல. லேசான காரியமில்லை. ஆனால் அந்த நாலு பேர் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கலாமே என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

பையனின் அம்மா டம்ளரைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"ஆறிப்போச்சே. சூடு பண்ணித் தாங்க, சம்பந்தி."