பாய்த்துணி மறைப்பு

ஆறு வயது மகளுக்கு டீ கொடுக்கலாமா என்று தயங்கிக்கொண்டே இன்று கருப்பட்டியை உடைத்தேன். அந்த வாசனை என்னைத் தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு எதிரே, இப்போது லாரிகள் நிற்கும் இடத்தில் அன்று இருந்த டீக்கடைக்குக் கொண்டுபோய்விட்டது.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா என்னை வாரத்துக்கு ஒரு கடையாக, சுக்கு டீ, இஞ்சி டீ, ஏலக்காய் டீ என்று கூட்டிப்போவார். பெண்கள் டீக்கடையில் உட்காராத காலம் அது. அம்மா வெளியே வெயிலில் நிற்பாள். துறைமுகத்துக்கு எதிரே இருந்த கடைக்காரர் கொழும்புக்குத் தோணியில் போய்வந்தவர். அங்கே பழகியபடி, உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டை வைத்து, கடித்துக் கடித்துப் பாலில்லாத டீயைக் குடிக்கச் சொல்வார்.

அம்மாவும் குடிக்கட்டும் என்று ஒருநாள் கிளாஸை வெளியே எடுத்துப்போனேன்.

"பொம்பளைக்கு டீக்கடை கேக்குதோ?" என்று பெஞ்சில் இருந்த ஒருவர் சிரித்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தப்புச் செய்துவிட்டேனோ என்று கிளாஸைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"ஏலே, வாய மூடிட்டுக் குடி" என்ற கடைக்காரர், பழைய பாய்மரத் துணியை மூலையில் மறைப்பாகக் கட்டினார். "யக்கா, இங்கன வந்து உக்காருங்க."

அம்மா உட்கார்ந்து, கருப்பட்டியைக் கடித்து, ஒரு மடக்கு குடித்தாள். அப்பாவைப் பார்த்து, "இத்தன வாரமும் இதத்தான் என்னைய விட்டுட்டுக் குடிச்சீகளா?" என்றாள்.

மறு ஞாயிறு கோயிலிலிருந்து டீக்கடைக்கு எங்களுக்கு முன்னால் நடந்தது அம்மாதான்.