ப்ரீசர் பாக்ஸ் வேனில் வந்த நாற்காலி

போன சனிக்கிழமை காலை எங்கள் ஊர் மாதா கோவிலில் என் அக்காவுக்குத் துக்க மணி அடித்துவிட்டார்கள். அக்கா அப்போது வீட்டுக்குள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சட்னியில் உப்புக் கம்மி என்று குறை வேறு.

மணிச்சத்தம் கேட்டதும் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். "பாவம், யாரோ... ஆண்டவரே, அந்த ஆத்துமாவுக்கு இளைப்பாறுதலக் குடும்" என்று உருக்கமாக வேண்டிக்கொண்டாள். தன் சாவுக்குத் தானே ஜெபம் சொன்னவர் உலகத்தில் வேறு யாராவது உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நாங்களும் பிறகு சிரித்தோம். ஆனால் இது ஆரம்பித்த இடத்தில் சிரிப்பு இல்லை.

அக்கா பெயர் லூர்து மேரி. தேனி மாவட்டத்துக் கூடலூருக்கு இந்தப் பக்கம் எங்கள் கிராமம். அத்தான் இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே மகன் அமல் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அக்கா மட்டும் ஊர் வீட்டில். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறிப் பழகிய உடம்பு. "தனியாவா இருக்கீக?" என்று யாராவது பரிதாபப்பட்டால், "ஏன், என்கூட நான் இருக்கேன்ல" என்பாள்.

அப்படிப்பட்டவள் மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு உடைந்தது. காப்பீட்டு அட்டை இருந்தது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார் — இனிமேல் குத்தவைக்கக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, ஈரத்தில் பிடிமானம் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. ஒரு வாக்கரோடு தேனியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

என் மனைவி விமலா அவளைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டிவிடுவதும் அவள்தான். அக்கா ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் தலையில் தண்ணீர் விழுவதற்கு முன்பே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாளாம்.

"சோப்பு எரியுதா மதினி?"

"இல்ல தாயி. நீ ஊத்து."

சோப்பு இல்லை, கூச்சம் என்று விமலாவுக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. ஒருநாள் என்னிடம் வந்து சொல்லிவிட்டு அவளும் அழுதாள். "நாளைக்கு எனக்கும் இப்படித்தானே?" என்றாள். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். பஸ் போகும். "குமுளி வண்டி போகுது" என்பாள்; எங்கள் ஊர் வழியாகப் போகிற பஸ் அது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. "இதுவும் குமுளி வண்டிதான்." அங்கிருந்து போர்டு தெரியாது. எஞ்சின் சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம்! தினமும் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாவுக்குப் போன். "அங்கன சாரல் அடிக்குதாடி? என் வாசலைக் கூட்டுனியா? ராத்திரி காத்து எப்படி?" தேனிக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு தூக்கம் போடுகிற தூரம்தான். அவள் பேசுவதைக் கேட்டால் அந்த ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி இருக்கும்.

"ஏலே, என்னைய என் வீட்ல கொண்டுபோய் விட்டுர்றா."

"அங்கன தனியா எப்படிக்கா?"

"தனியா இருக்கத்தாண்டா போறேன்."

அமலோ கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போகத் தயாராக நின்றான். "லிப்ட் இருக்கு மாமா. பகல்ல பாத்துக்க ஆள் வைக்கிறேன். அம்மா அங்கன திரும்ப விழுந்தா யாரு தூக்குறது?" நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளோடுதான் வாதாடவே முடியாது.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அக்கா தன் வீட்டில், யார் கையும் படாமல், தானே குளித்துவிட்டு வர வேண்டும். முடிந்தால் அங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் மறுபேச்சு இல்லாமல் கோயம்புத்தூர். அதற்குச் சுவரில் பிடிகம்பி வேண்டும், உட்கார்ந்து குளிக்க நாற்காலி வேண்டும் என்று டாக்டரும் சொன்னார்.

தேனியில் சர்ஜிக்கல் கடைக்கு அக்காவையே அழைத்துப் போனேன். அலுமினியக் கால்கள், ரப்பர் அடிப்பாகம், உயரத்தைக் கூட்டிக் குறைக்க பட்டன், இரண்டு பக்கமும் கைப்பிடி. குளிக்கலாம், அதையே கழிவறைக்கும் வைத்துக்கொள்ளலாம். அக்கா உட்கார்ந்தாள். கைப்பிடியை அழுத்தினாள். எழுந்தாள் — தானாக! ஆபரேஷனுக்குப் பிறகு யாரும் கைகொடுக்காமல் அவள் எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு விலைச் சீட்டைப் பார்த்தாள்.

"இதென்னலே, சிம்மாசனமா?"

நான் வாங்கித் தருகிறேன் என்றேன். (பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனின் வருமானம் தெரிந்த வாசகர்கள் இந்த இடத்தில் இருமிக்கொள்ளலாம்.) "ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சே நீ காஞ்சு கெடக்க. அமல்கிட்ட கேட்டா கோயம்புத்தூருக்குத்தான் வாங்குவான். வேணாம், வா" என்று வாக்கரைத் திருப்பிவிட்டாள். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள் பாருங்கள்... ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் இருக்கிற பட்டுச்சேலையைப் பெண்கள் அப்படிப் பார்ப்பதுண்டு. குளிக்கிற நாற்காலியை ஒருத்தி அப்படிப் பார்த்ததை அன்றுதான் கண்டேன்.

கடைக்காரர் மேல் தப்பில்லை. அவர் வாங்குகிற விலைக்குத்தான் விற்கிறார். மாத வாடகைக்கும் தருவார்கள். வாடகையைச் சேர்த்துப் பார்த்தால் நாற்காலியே வந்துவிடும். என் கேள்வி வேறு. இடுப்பு உடைந்தால் ஆபரேஷனுக்கு அட்டை இருக்கிறது. திரும்ப உடையாமல் இருக்க ஒரு நாற்காலி கேட்டால் எந்த அட்டையைக் காட்டுவது? விசாரித்த இடத்திலெல்லாம் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். விமலாதான் வழி சொன்னாள். "பந்தல் போடுறவுககிட்ட இல்லாத சாமான் உண்டா? கேட்டுப் பாருங்க."

கம்பத்தில் சலீம் பாய் இருக்கிறார். பந்தல், சமையல் பாத்திரம், இறந்தவரை வைக்கும் ப்ரீசர் பாக்ஸ் — எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். போன் போட்டேன்.

"பாய், சேர் வேணும்."

"எத்தனை சேர் சார்? விசேஷமா, துக்கமா?"

"ஒரே ஒரு சேர். உக்காந்து குளிக்கிறதுக்கு."

"நேர்ல வாங்க சார்" என்றார்.

போனேன். குடோனில் அண்டாக்களையும் ஷாமியானாக் கம்பிகளையும் தாண்டி, தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். குளியல் நாற்காலிகள், வாக்கர்கள், வீல்சேர்கள், மடக்குக் கட்டில்கூட ஒன்று. என்னால் நம்பவே முடியவில்லை.

"ஏது பாய் இவ்வளவு?"

"துக்க வீட்ல பொட்டிய எடுக்கப் போவேன்ல சார். 'அப்பா ஒக்காந்தது, கண்ணுல பட்டா அழுகையா வருது, இதையும் ஏத்திக்கிட்டுப் போயிருங்க பாய்'னு சொல்லுவாக. காசும் கேக்க மாட்டாக. எல்லாம் நல்ல சாமான். ஆனா யாருகிட்ட குடுக்க? சீக்காளி இருக்கிற வீட்டு வாசல்ல நான் போய் நின்னா, செருப்பக் கழட்ட மாட்டாக?"

நியாயம்தானே? யோசித்துப் பாருங்கள். இறந்தவரின் சங்கிலியைப் போட்டுக்கொள்வோம். இறந்தவரின் நிலத்துக்காகக் கோர்ட் வரைக்கும் போவோம். அவர் கட்டிய வீட்டில் கால் நீட்டித் தூங்குவோம். அவர் உட்கார்ந்து குளித்த நாற்காலி மட்டும் ஆகாது! ஊர் ஊருக்குக் கல்யாண அண்டாவும் பந்தியில் போடும் பலகையும் பொதுவாக ஒரு அறையில் வைத்திருக்கிறோம். அதே அறையில் நாலு வாக்கரும் இரண்டு நாற்காலியும் இருந்தால் என்ன? செத்தவரைப் படுக்கவைக்கக் குளிர்பெட்டி ஒரு போனில் வீடு தேடி வருகிறது. உயிரோடு இருப்பவர் உட்கார்ந்து குளிக்க ஒன்றும் வருவதில்லை. இதையெல்லாம் பெரிய நியாயஸ்தன் மாதிரி எழுதுகிற எனக்கும் அந்தத் தார்ப்பாயைப் பார்த்ததும் கை கூசியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சலீம் பாய் வாடகை வேண்டாம் என்றார். "வேலை முடிஞ்சா கழுவித் திருப்பிக் குடுங்க, போதும். சனிக்கிழமை உங்க ஊர்ப் பக்கம் பொட்டி எடுக்க வாரேன். வர்ற வழியில எறக்கிவிட்டுப் போறேன்." அந்த வேன் ஒரு வீட்டு வாசலில் நின்றால் ஊர் என்ன நினைக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோயம்புத்தூரிலிருந்து வந்த அமலின் காரில் அக்காவை ஊருக்குக் கொண்டுபோனோம். முடியாவிட்டால் நேரே கோயம்புத்தூர் என்று அவள் பையை அவன் காரிலிருந்து இறக்கவே இல்லை. ஜீப் பட்டறைக்காரர் குளியலறைச் சுவரில் கம்பியைப் பொருத்தி வைத்திருந்தார். அக்கா பிடித்து ஆட்டிப் பார்த்து, "எஸ்டேட் ஜீப்பு கம்பி மாதிரியே கெட்டியா இருக்கு" என்றாள். மறுநாள் காலை நானும் அமலும் பின்பக்கம் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். வாசலில் வேன் வந்து நின்றது எங்களுக்குத் தெரியாது.

பாண்டியம்மாவுக்குத் தெரிந்தது. இடுப்பு உடைந்து கிடந்தவளை முந்தின நாள்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் வாசலில் ப்ரீசர் பாக்ஸ் வேன். என்ன அர்த்தம்? யாரோ கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளையிடம் ஓட, அவர் மணியைப் பிடித்து அடிக்க, அக்கா உள்ளே ஜெபம் சொல்ல... அடுத்து வாசலில் பெருங்குரல்.

"என் ராசாத்தீ! ஒரே ஜீப்புல போயி ஒரே ஜீப்புல வந்தோமேடி... என்னைய விட்டுட்டு நீ மட்டும் போயிட்டியேடீ!"

"ஏய் பாண்டி! நான் எங்கடி போனேன்? உள்ள வா, இட்லி இருக்கு."

அழுகை அப்படியே நின்றது. பாண்டியம்மா உள்ளே வந்து பார்த்தாள். "அடிப் பாதகத்தி!" என்று அக்கா முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முன்பைவிடச் சத்தமாக அழுதாள். வாசலில் தெருவே கூடியிருந்தது. ஒருவர் கையில் ரோஜா மாலை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மாதா படத்துக்குப் போட்டார். சலீம் பாய் நாற்காலியைக் கையில் பிடித்தபடி திருதிருவென விழித்துக்கொண்டு நின்றார்.

விஷயம் தெரிந்ததும் அமலுக்கு முகம் சிவந்துவிட்டது. "செத்தவுக உக்காந்ததா மாமா? எங்கம்மாவுக்கா? நான் என்ன இல்லாதவனா?"

தெருவும் "ஆமாமா, ஆகாது" என்று முணுமுணுத்தது. அக்கா யாரையும் பார்க்கவில்லை. சலீம் பாயிடம் கேட்டாள்.

"தம்பி, இது யாரு வீட்டுது?"

"உத்தமபாளையத்துல ஒரு டீச்சரம்மா வீட்டுதுக்கா. டெட்டால் ஊத்திக் கழுவித்தான் கொண்டாந்தேன்."

"அந்தம்மா தானா குளிச்சாகளா?"

"கடைசி வரைக்கும் அவுகளாத்தான் குளிச்சாகன்னு மக சொல்லுச்சு."

அக்கா அந்தக் கைப்பிடியைத் தடவினாள். "அப்ப நல்ல நாற்காலிதான். அந்தம்மாவுக்கும் சேத்து வேண்டிக்கிறேன். ஏலே அமலு, கொண்டுபோய் உள்ள போடு."

அமல் கையில் ஒட்டியிருந்த பிளீச்சிங் பவுடரைத் துடைத்துக்கொண்டான். பிறகு தூக்கிக்கொண்டு போனான்.

அக்கா வாக்கரை ஊன்றிப் போனாள். பின்னாலேயே போன விமலாவை, "நீ இரு தாயி" என்று நிறுத்தினாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் மட்டும் போடக் கூடாது என்று அமல் கெஞ்சியிருந்தான், போடவில்லை. நாங்கள் எல்லோரும் வெளியே. பரீட்சை எழுதுகிற பிள்ளைக்காகப் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற பெற்றோர் மாதிரி நின்றோம்.

முதல் சொம்புத் தண்ணீர் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. சோப்பு டப்பா திறக்கும் சத்தம். மறுபடியும் தண்ணீர். அமல் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

ரொம்ப நேரம் இல்லை. பாண்டியம்மா மார்பில் கை வைத்தாள். அமலால் பொறுக்க முடியவில்லை. கதவருகே போய், "அம்மா! என்னம்மா பண்ற? தண்ணி சத்தமே காணோமே?" என்றான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. அழுதாளா, சிரித்தாளா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

"ஒண்ணும் பண்ணலடா. குளிச்சு முடிச்சுட்டேன். சும்மா உக்காந்திருக்கேன்... கதவச் சாத்திக்கிட்டு உக்காந்து எம்புட்டு நாளாச்சு!"

அமல் காருக்குப் போய் அம்மாவின் பையை எடுத்துவந்து வீட்டுக்குள் வைத்தான்.