ஷட்டவுன் நாளில் அருவிக்கு

திருத்தணி மலையேறி, சாமி பார்த்து, பிரசாதம் வாங்கிக் கீழே இறங்கியாயிற்று. மணி பதினொன்றுதான் ஆகிறது, குழந்தை வேறு சிணுங்குகிறது. சாயந்திர ரயில் வரைக்கும் என்ன செய்வதாக உத்தேசம்?

இந்தப் பிரச்சினையோடு அடிக்கடி யாராவது எனக்கு மெசேஜ் போடுகிறார்கள். எல்லாம் காலேஜில் கூடப் படித்த சென்னைப் பார்ட்டிகள், அக்கா அண்ணன் குடும்பத்தோடு வருகிறவர்கள். என் பதில் ரெடியாக இருக்கும். தண்ணீர் இருந்தால் பூண்டி ஏரி. முட்டி நன்றாக இருந்தால் சோளிங்கர். பிள்ளைகள் தண்ணீரில் ஆட வேண்டும் என்றால் திருப்பதி பஸ் ஏறிப் புத்தூரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் கைலாசகோனா. பாறை மேலிருந்து நேராக உச்சந்தலையில் விழும் அருவி, கீழே குளம் போலத் தேங்கிய தண்ணீர், பக்கத்தில் ஒரு சிவன். சோறு கட்டிக்கொண்டு போங்கள். குரங்கு இருக்கிறது, பையை மூடி வையுங்கள். முடிந்தது.

ஏதோ வாரா வாரம் போகிறவன் மாதிரி அடித்துவிடுவேன். போன வருஷம் வரை நானே அங்கே ஒரு தடவைதான் போயிருந்தேன், அதுவும் கிளாஸ் கட் அடித்துவிட்டு. என் அம்மா ஒரு தடவைகூடப் போனதில்லை. ஆர்.கே.பேட்டை பக்கம் எங்கள் வீடு. அருவிக்கு இரண்டு பஸ், ஒரு ஆட்டோ. அமெரிக்காவா என்ன? ஆனாலும் போனதில்லை.

காரணம் தறி. வீட்டை ஒட்டிய ஷெட்டில் நாலு பவர்லூம். கரண்ட் இருந்தால் தறி ஓடும். தறி ஓடினால் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், நூல் அறுந்தால் முடிச்சுப் போட. நைனா பாதி, அம்மா பாதி. ஞாயிற்றுக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் எங்கள் தெருவில் வித்தியாசம் கிடையாது. எங்களுக்கு லீவு என்றால் மாதத்தில் ஒரு நாள். மரக்கிளை வெட்ட, கம்பி சரிபார்க்க, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்டை நிறுத்துவார்களே, அந்த ஷட்டவுன் நாள். மற்ற ஊர்க்காரர்கள் அன்றைக்கு விசிறியும் கையுமாகத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தெருவில் அன்றைக்குத்தான் பெண் பார்க்கப் போவார்கள், பல் பிடுங்கப் போவார்கள், தாலுகா ஆபீசில் போய் நிற்பார்கள்.

அம்மாவுக்கு அருவி ஆசை வந்தது எதிர்வீட்டு அக்காவின் போன் மூலம். அந்த அக்கா கைலாசகோனாவில் நனைந்துகொண்டு நிற்கிற வீடியோவை அம்மா நாலு முறை பார்த்தாள். அன்றிலிருந்து மூன்று வருஷம் கேட்டாள். நைனா மறுத்ததே இல்லை. "அடுத்த ஷட்டவுன்ல போலாம்" என்பார். அடுத்த ஷட்டவுனில் ஒரு சாவு விழும். அதற்கடுத்ததில் நைனாவின் கண் டெஸ்ட். ஒரு தடவை எல்லாம் தயாராகி, நல்ல மழை. அருவிக்குப் போக மழை ஒரு தடையா என்று நான் கேட்டேன்.

போன வருஷம் பி.காம். முடித்துவிட்டு இன்டர்வியூ இன்டர்வியூவாகப் போய்க்கொண்டிருந்தேன். அதாவது வீட்டில் இருந்தேன். வாட்ஸப்பில் எங்கள் ஏரியா குரூப்பில் ஷட்டவுன் லிஸ்ட் வந்தது, புதன்கிழமை என்று போட்டு. எங்கள் தெருப் பெயர் இருந்தது. படித்தேன், அறிவித்தேன்.

நைனா தறியை விட்டுத் திரும்பாமலே கேட்டார்: "கன்ஃபாமாடா?"

"கன்ஃபாம் நைனா."

"லைன்மேனுக்கு ஒரு போன் போட்டுக் கேளேன்."

"அதான் லிஸ்ட்லயே இருக்குதே. படிக்கத் தெரியாதா எனக்கு?"

"படிச்சவன் சொல்றான், கேளுங்க" என்றாள் அம்மா. அவளுக்குப் பாதிப் புளிச்சோறு மனதிலேயே கிளறி முடிந்திருந்தது.

புதன் காலை ஆறே முக்காலுக்குத் தறியை நிறுத்தினார் நைனா. ஒன்பது மணி வரை ஓட்டலாம், ஆனால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை முதலாளிக்குச் சேலை கொடுத்தாக வேண்டும், பண்டிகை லோடு, நைனா வாய்விட்டு ஒப்புக்கொண்டது. அந்த இரண்டேகால் மணி நேரம் திருத்தணி பஸ் ஸ்டாண்டு வரை அவர் முகத்தில் உட்கார்ந்திருந்தது. திருப்பதி பஸ்ஸில் ஏறும்போது, பிக்பாக்கெட் பயத்தில், வழக்கம்போல் தன் போனை என்னிடம் கொடுத்துவைத்தார்.

பஸ் நகரிக்குள் நுழைந்தது. ஆந்திரா என்றாலும் நகரியும் தறி ஊர்தான். ஜன்னல் வழியாக எங்களுக்கு ரொம்பத் தெரிந்த சத்தம் வந்தது, டடக் டடக் என்று, தெருத் தெருவாக.

"பாரு, இவனுங்களுக்குக் கரண்ட் இருக்குது" என்றார் நைனா, முன் சீட்டிலிருந்து திரும்பி.

"அது வேற ஸ்டேட்டுங்க. முன்னாடி பாத்து உக்காருங்க" என்றாள் அம்மா.

அப்போதுதான் என் பாக்கெட்டில் நைனாவின் போன் அடித்தது. எதிர்வீட்டு அண்ணன். கையால் வாயை மூடிக்கொண்டு பேசினேன்.

"இன்னாடா தம்பி, ஊட்ல ஒருத்தரும் இல்ல? தறி நின்னுகினு இருக்குது?"

"இன்னிக்கு ஷட்டவுன் இல்லணா?"

"ஷட்டவுனா? மணி ஒம்பதர ஆவுது, எந்தறி ஓடிகினு இருக்குது, கேக்கல உனுக்கு?"

கேட்டது. இந்தப் பக்கம் நகரித் தறி, அந்தப் பக்கம் அவர் தறி. என் போனில் லிஸ்ட்டைத் திறந்து பார்த்தேன். மேலே ஓரத்தில், எறும்பு சைசில் தேதி. அதே புதன்கிழமை, போன மாதத்துப் புதன்கிழமை. எவனோ பழைய லிஸ்ட்டைத் தூக்கிப் போட்டிருக்கிறான், நான் படித்தவன் என்பதால் தேதியைப் படிக்கவில்லை.

நைனாவிடம் சொன்னால் நகரி பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கி எதிர் பஸ் ஏறிவிடுவார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்லாமல் விட்டால் வெள்ளிக்கிழமைச் சேலை மாட்டும். என் பக்கத்தில் அம்மா மடியில் தூக்குவாளியோடு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விஷயத்தைப் போட்டேன்.

அம்மா தூக்குவாளியைக் காலடியில் வைத்தாள். "அவுரு போனைக் குடு" என்றாள். கொடுத்தேன். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று கேட்டாள். காட்டினேன். அணைத்து, துண்டில் சுற்றி, பையின் அடியில் வைத்து, அதன் மேல் தூக்குவாளியை வைத்தாள்.

"வாயத் தொறந்த, அருவில தள்ளிடுவேன்."

புத்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். மாங்காய்த் தோப்பு, காய்ந்த குன்று, அப்புறம் திடீரென்று நிழல். உள்ளே நடக்கும்போதே சத்தம் கேட்டது. வார நாள் என்பதால் கூட்டம் கம்மி. சின்னப் பிள்ளைகளோடு இரண்டு குடும்பம், ஒரு மொட்டைத்தலைக் கோஷ்டி. அம்மா செருப்பைக் கழற்றினாள், பையை என் கையில் திணித்தாள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டாள். யாருக்காகவும் நிற்கவில்லை. முதல் அடி விழுந்ததும் அவளிடமிருந்து ஒரு கத்தல் வந்தது பாருங்கள், குரங்குகள் திரும்பிப் பார்த்தன.

நைனா கரையில் நின்று, "எனுக்கு வாணாம், சைனஸ்" என்றார். ஐந்து நிமிஷத்தில் சட்டையைக் கழற்றினார். இன்னும் ஐந்து நிமிஷத்தில் மொட்டைத்தலைக் கோஷ்டியைத் தெலுங்கில் அதட்டி, நல்ல இடமாகப் பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

ஒரு மணி வாக்கில் கரையேறித் தலை துவட்டினார். நான் பயந்தது வந்தது.

"போனைக் குடுடா. எதிர்வூட்டுக்காரனுக்கு அடிச்சு, கரண்ட் எப்ப போச்சுன்னு கேக்கலாம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா புடவை பிழிந்துகொண்டே சொன்னாள்: "கரண்ட் போவல."

"இன்னா?"

"போவலங்க. உங்க புள்ள போன மாச லிஸ்ட்டப் பாத்துச் சொல்லிட்டான்."

"உனுக்கு எப்பத் தெரியும்?"

"நகரிலயே."

"சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க? இந்நேரம் தறிகிட்ட நின்னுகினு இருப்பீங்க. நானும் நின்னுகினு இருப்பேன்."

நைனா முதலில் என்னைத் திட்டினார், சுருக்கமாக, என் டிகிரியைக் குறிப்பிட்டு. பிறகு ஈர லுங்கியோடு, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ நிற்கும் இடத்துக்கு நடந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். திரும்பிப் பார்த்தால், அம்மா மறுபடி அருவிக்குள். ஷேர் ஆட்டோ ஒன்றுதான் நின்றது. அதன் டிரைவர் பின்சீட்டில் படுத்திருந்தார்.

"புத்தூர் போணும், எட்றா வண்டிய" என்றார் நைனா, எந்த மொழியில் பேசுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல்.

"பதி மந்தி ராவாலி அண்ணா" என்றார் டிரைவர், எழுந்திருக்காமல். பத்துப் பேர் சேர வேண்டுமாம். நாங்கள் மூன்று பேர், அதிலும் ஒரு ஆள் தண்ணீரில்.

நைனா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். இறங்கவே இல்லை. புளிச்சோற்றை இலையில் வைத்துக் கொடுத்தேன். தின்றார்.

"உப்பு கம்மி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்க உங்கம்மா?"

"மறுபடி எறங்கிட்டாங்க."

"வரச் சொல்றா. வெள்ளிக்கெழம நான் இன்னா மூஞ்ச வெச்சிகினு அந்தாளப் பாக்குறது?"

போய்ச் சொன்னேன். அருவிச் சத்தத்தில் இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா முகத்திலிருந்து தண்ணீரை வழித்துவிட்டுக் கேட்டாள்: "ஆட்டோ ரொம்பிச்சா?"

"இல்ல."

"ரொம்பட்டும்."

திரும்பி வந்து அதை அப்படியே நைனாவிடம் சொன்னேன். டிரைவர் சிரித்தார். நைனா அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

மூன்று மணிக்குமேல்தான் பிள்ளைக்குட்டிக் குடும்பங்கள் வந்து ஆட்டோ நிரம்பியது. அம்மா கடைசி ஆளாக ஏறினாள். இடம் இல்லை, நைனா ஒடுங்கி இடம் விட்டார். புத்தூர் வரும் வரை அவள் முடியிலிருந்து அவர் தோளில் சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் துடைக்கவில்லை, கையை அசைக்க இடமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் விளக்குகூட ஏற்றாமல் தறியை ஓட்டினார்கள், இரண்டு பேரும். வெள்ளிக்கிழமை சேலை குறைந்தது. முதலாளி எதிரில் நைனா நின்று வாங்கிக்கட்டிக்கொண்டார். தறியில் ஏற்ற அடுத்த பாவு நூல் எங்களுக்கு ஒரு வாரம் தாமதமாகத்தான் வந்தது. அம்மாவோடு அன்றைக்கே பேசிவிட்டார், நாலு தறிக்கு இரண்டு ஆள் என்றால் பேசாமல் முடியாது. என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை.

அதன் பிறகு வீட்டில் புதுச் சட்டம். லிஸ்ட் செல்லாது, குரூப் செல்லாது, லைன்மேன் வாய்ச்சொல்லும் செல்லாது. தறி தானாக நிற்க வேண்டும். அப்புறம்தான் யாரும் செருப்பில் கால் வைக்கலாம். இந்தச் சட்டத்தில் ஒன்பதுக்கு முன்னால் கிளம்ப முடியாது, அதனால் தூரமான இடம் எதுவும் தேறாது. அம்மா கைலாசகோனாவைக் கேட்பதை விட்டுவிட்டு, பூண்டிக்கு மாறினாள். மதகு திறந்திருக்கிறதாம், எதிர்வீட்டு அக்கா சொன்னாளாம்.

இன்றைக்கு ஷட்டவுன் என்று லிஸ்ட்டில் இருக்கிறது. தேதியை நான் மூன்று தடவை படித்தேன். அம்மா தலை பின்னி, தூக்குவாளியை மூடி, வாசலில் நிற்கிறாள். நைனா இஸ்திரிச் சட்டையோடு தறிக்கு நடுவில் நிற்கிறார். மணி ஒன்பது பத்து. நாலு தறியும் ஓடிக்கொண்டிருக்கின்றன.