காத்தமுத்துவின் அரைப் பேர்ச்சஸ்

அலவாங்கை முதலில் ஏற்றிவிட்டுத்தான் காத்தமுத்து பஸ்ஸில் ஏறுவார். விடத்தல்தீவிலிருந்து மன்னாருக்கு வருகிற காலை பஸ் பாப்பாமோட்டையில் நின்றால், படியில் முதலில் தெரிவது குழி தோண்டுகிற அந்த ஐந்தடி இரும்பு. அதற்குப் பின்னால் "கால் பத்திரம், கால் பத்திரம்" என்றொரு குரல். அதற்கும் பின்னால்தான் ஆள். "உதுக்கும் ரிக்கெற் எடுக்கவேணும் ஐயா" என்று கண்டக்டர் கிழமைக்கு இரண்டு தடவையாவது ஏசுவார். "எடுங்க தம்பி. உழைக்கிறது அதுதான், நான் சும்மா கூடப் போறேன்" என்பார் காத்தமுத்து.

பாலம் தாண்டி மன்னார்த் தீவுக்குள் போகும்வரை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அதை நிமிர்த்திப் பிடித்திருப்பார். நானும் அதே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிற ஆங்கில ரீச்சர். பதினோரு வருடமாக அந்த இரும்பை விலக்கிவிட்டுத்தான் இருக்கைக்குப் போகிறேன்.

தொழில் வேலி போடுவது. கொங்கிறீற் தூணும் முள்ளுக்கம்பியும். மன்னாரில் யார் காணி வாங்கினாலும் முதலில் தேடுகிற ஆள் இவர். நூல் பிடிக்க மாட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருந்து பார்ப்பார். நாற்பதாவது தூண் முதலாவது தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கம்பியை இழுத்துக் கட்டியதும் நகத்தால் ஒருதரம் சுண்டிக் காது கொடுப்பார். "தொங்குது" என்றால் அவிழ்த்து மறுபடி கட்டுவார். எங்கள் ஊர்க் கழுதைகள் எந்த வேலிக்குள்ளும் புகுந்துவிடும். இவருடைய வேலியைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகும்.

ஒரு வினோதப் பழக்கம் உண்டு. வேலை நடக்கிற காணியில் அலவாங்கைக் கிடத்த மாட்டார். தேநீர் குடிக்கப் போனாலும் மண்ணில் குத்தி நிறுத்திவிட்டுத்தான் போவார். அடுத்த நாளும் அதே இடத்தில்தான் வேலை என்றாலும் பின்னேரம் கையோடு கொண்டுவந்துவிடுவார். ஏன் என்று கேட்டேன். "அடுத்தவங்க காணியில அது நிக்கலாம் ரீச்சர். படுக்கக் கூடாது. நம்ம மண்ணுன்னாத்தான் படுக்கலாம்."

வீட்டிலும் அது கதவோரம் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அந்த வளவும் அவருடையதல்ல. அரசாங்கம் கொடுத்த காணிப் பெமிற் வேறு யாரோ ஒருவரின் பெயரில். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் பத்து வயதில் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வடக்கே வந்தார். காடு வெட்டிய இடத்தில் குடிசை போட்டார்கள். யுத்தம் கிளப்பியது. திரும்பி வந்தார்கள், மறுபடியும் கிளப்பியது. ஐம்பத்தெட்டு வயதாகிறது. அடுத்தவர்களின் எல்லையை மைல் கணக்கில் நட்டுக் கொடுத்த மனிதருக்குத் தன் பெயர் எழுதிய மண் ஒரு பிடிகூட இருந்ததில்லை.

இனி எழுதப்போவதைக் கோபமில்லாமல் எழுத எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஊர்ப் பொதுமண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. சுகந்தன் கூட்டிய கூட்டம். நெல்லுக்கார வீட்டுப் பிள்ளை, என்னிடம் படித்தவன், நாக்கில் தேன் தடவிப் பேசுவான். கொழும்பிலிருந்து இரண்டு கோட்டுக்காரர்களை இறக்கியிருந்தான். தீவின் கடற்கரையில் ஒரு காணி இருக்கிறதாம். அதைப் பத்தாயிரம் துண்டாகப் பிரித்து டிஜிட்டல் டோக்கனாக விற்கிறார்களாம். ரூபாயைச் சுகந்தனிடம் கொடுத்தால் அவன் அதை டிஜிட்டல் டொலராக்குவான். டொலர் காணித் துண்டாகும். காணியில் ஹோட்டல் எழும்பும். வாடகை மாதாமாதம் போனுக்கு வந்து விழும். கோட்டுக்காரர்கள் ஆங்கிலத்தில் சொன்னார்கள். அதைத் தமிழில் சொல்வதற்கு மேடையில் ஒரு ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆள் நான்தான்.

"நீங்கள் சும்மா இருந்தாலும் வருமானம் வரும்" என்றேன். "யாராலும் அழிக்க முடியாத பதிவேட்டில் உங்கள் பெயர் எழுதப்படும்" என்றேன். அந்தப் பதிவேட்டுக்கு அவர்கள் சொன்ன பிளொக்செயின் என்றால் என்னவென்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அவர்கள் சொன்னதை நாக்கூசாமல் நல்ல தமிழில் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு ஒரு பொன்னாடையும் போட்டார்கள். அது இன்னும் அலுமாரியில் கிடக்கிறது. அலுமாரியைத் திறக்கிற ஒவ்வொரு நாளும் பற்றியெரிகிறது.

பின்வரிசையில் இருந்த காத்தமுத்துவுக்கு வருமானம் காதில் விழவில்லை. பெயர் எழுதப்படும் என்பதுதான் விழுந்தது. வீட்டிலிருந்த இரண்டு பசுவையும் கன்றையும் விற்றார். மனைவி செபஸ்தியம்மா இரண்டு நாள் உலை வைக்கவில்லை. சுகந்தன் கொடுத்த கடதாசியை மன்னாருக்குக் கொண்டுபோய் லமினேற் பண்ணி, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். டோக்கன் கணக்கைக் காணிக் கணக்காக்கி வைத்திருந்தார். அரைப் பேர்ச்சஸ். பன்னிரண்டு அடிக்குப் பதினோரு அடி.

பணம் போட்டவர்களை ஒருநாள் வாடகை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டுபோய்க் காணியைக் காட்டினார்கள். மற்றவர்கள் கடலைப் பார்த்துப் படம் எடுத்தார்கள். இவர் சுகந்தனைப் பிடித்து, "என்னோட துண்டு எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டிருக்கிறார். டோக்கனுக்குப் பக்கமும் கிடையாது மூலையும் கிடையாது என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வியாபாரம் கெட்டுவிடுமே. பல்லை இளித்துக்கொண்டு, "விரும்பின மூலையை எடுங்கோ அண்ணை" என்றான்.

எடுத்தார். வடகிழக்கு மூலை. அடுத்த ஞாயிறு தனியாகப் பஸ் ஏறிப் போய் உடைமுள்ளை வெட்டினார். கல் பொறுக்கினார். முழ நீளத்தில் ஒரு பூவரசங் கதியாலை நட்டு, அடுத்த வளவுக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றினார். மாதத்தில் இரண்டு ஞாயிறு இதே வேலை. "சும்மா இருந்தாக் காசு வரும்னு சொன்னீங்க ரீச்சர். மண்ணை வாங்கிட்டு எப்பிடிச் சும்மா இருக்கிறது?" என்று பஸ்ஸில் என்னிடம் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு வருடம் போனில் இலக்கம் ஏறியது. பிறகு இறங்கியது. பிறகு போனில் இலக்கம் காட்டிய அந்த 'அப்' திறக்கவேயில்லை. காணி கோட்டுக்காரர்களின் கம்பனிக்குச் சொந்தமே இல்லை. அட்வான்ஸ் மட்டும் கொடுத்து வைத்திருந்தார்களாம். உரிமையாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு இன்னொருவருக்கு முறைப்படி விற்றுவிட்டார். முறையிடப் போன இடத்தில், "காசை நீங்களாத்தானே குடுத்தனீங்கள்?" என்று கேட்டு அனுப்பினார்கள். சுகந்தனின் கடைக்கே போய்ச் சத்தம் போட்டேன். "ரீச்சர், ஏன் கத்திறியள்? உலகம் முழுக்க மாக்கெற் விழுந்தது. நானும்தான் காசு விட்டனான்" என்றான். விட்டவனின் கடை வாசலில் புது மோட்டார்சைக்கிள் நின்றது. கன்னத்தில் ஒன்று போட்டிருப்பேன். படிப்பித்த கை, எழவில்லை.

செபஸ்தியம்மா ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். "பசு நிண்டிருந்தாச் சாணியாவது போட்டிருக்கும்."

காத்தமுத்து எட்டு மாதம் என்னுடன் பேசவில்லை. பஸ்ஸில் அலவாங்குக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். போன மாதம்தான் வாய் திறந்தார், என் முகத்தைப் பார்க்காமல். "சுகந்தன் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். நீங்க சொன்னீங்க, நம்பினேன்." பாலத்தில் பஸ் ஏறும்போது மீதியைச் சொன்னார். "அந்தக் காணிக்கு வேலி போடணுமாம். முனவ்வர் முதலாளி என்னைத்தான் கூப்பிட்டிருக்கார்."

"போகாதேங்கோ" என்றேன். "போறேன்" என்றார்.

முனவ்வர் வேலைகளைக் கொந்தராத்தில் எடுத்துச் செய்விப்பவர், நேர்மையானவர், பழைய கதை எதுவும் அறியாதவர். புதிதாக வாங்கியவர்மீதும் பிழையில்லை. பிழை செய்தவர்கள் ஒருவரும் அந்தக் காணிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வெயிலில் நின்று குழி தோண்டுவது மட்டும் ஏமாந்தவனின் பங்கு. தன்னையே வெளியில் விட்டு வேலி அடைப்பதற்கு ஒரு மனிதனுக்கு நாட்கூலி.

சனிக்கிழமை பொறுக்க முடியாமல் நானும் போனேன். வேலி அநேகமாக முடிந்திருந்தது. தூண்கள் ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்து நின்றன. ஐந்து வரிக் கம்பி, எங்கும் தொய்வில்லை. வடகிழக்கு மூலைக்குக் கிட்டப் போனதும்தான் கண்டேன். நேராக வந்த வேலி, மூலைக்குப் பன்னிரண்டு அடி இருக்கும்போது சட்டென்று உள்ளே மடங்கி, சுற்றி, மறுபக்கம் வெளியே வந்து, மறுபடி நேராகப் போயிற்று. வேலிக்கு வெளியில், இடுப்பளவு வளர்ந்த பூவரசோடு, ஒரு சதுரத் துண்டு மண். நூல் பிடிக்காமல் நேர்கோடு போடுகிற மனிதர் போட்ட கோணல் அது.

முனவ்வர் மோட்டார்சைக்கிளை நிறுத்தாமலே கத்தத் தொடங்கினார். "என்ன காத்தமுத்து இது? ஆருட காணியை ஆருக்கு வெளியில விடுறீங்க?"

"இந்த மூலைக்குக் கூலி எழுத வேணாம் முதலாளி. கழிச்சிட்டுத் தாங்க."

"விளையாடுறீங்களா? திங்கக்கிழமை சேர்வேயர் வாறார். பிடுங்கித்தான் ஆகவேணும்."

"பிடுங்குங்க. அதுக்கு வேற ஆளைப் பாருங்க." கம்பியை நகத்தால் சுண்டிப் பார்த்தார். "மத்தத் தூணெல்லாம் ஒண்ணரை அடி ஆழம். இந்த மூலையில மூணு அடி."

முனவ்வருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் மேடையில் பேசியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை சொந்த வார்த்தையில் சொன்னதால் தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன். அவர் ஹெல்மெற்றைக் கழற்றி மோட்டார்சைக்கிள் கண்ணாடியில் மாட்டினார். "திங்கக்கிழமை பிடுங்கத்தான் வேணும்" என்று மறுபடி சொன்னார், இந்தமுறை கத்தாமல்.

"தெரியும்" என்றார் காத்தமுத்து.

சாரத்தை அவிழ்த்து உதறிக் கட்டினார். வேலிக்கு உள்ளே மண்ணில் குத்தி நின்ற அலவாங்கை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கி, கம்பிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தார். பூவரசின் அடியில் குந்தி, அதை மெதுவாக, நீளவாக்கில், மண்ணில் கிடத்தினார். பிறகு எழுந்து, வெறுங்கையை வீசிக்கொண்டு பஸ் நிற்கிற சந்தியை நோக்கி நடந்தார்.